ரொட்டி சுடும் நேரத்துப் பைபிள்

சாதாரண தரப் பரீட்சையில் கிறிஸ்தவ பாடத்துக்கு எனக்கு ஏ. பவுலின் மூன்று பயணங்களையும் ஊர்ப் பெயர் பிசகாமல் எழுதுவேன், உவமைகளைக் கேள்வி பதிலாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். பரீட்சை முடிந்த அன்றைக்கு மூடின பைபிளை அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும்தான் திறந்தது. போன வாரம் ஞாயிறு பாடசாலையில் ஒரு தங்கச்சி "அக்கா, நீங்க எப்படித் தினமும் வாசிக்கிறீங்க, எனக்கு ஒரு வாரத்துக்கு மேல ஓடலையே" என்று கேட்டாள். நானும் மூன்று வருடம் அப்படித் தோற்றவள்தான்.

தோற்ற கதை சிம்பிள். ஜனவரி 1ஆம் தேதி, ஒரு வருடத்தில் முழு பைபிள் என்ற திட்டம். நாங்கள் பாவிக்கிற 66 புத்தகப் பைபிளில் 1189 அதிகாரம், அதாவது நாளைக்கு 3, சில நாள் 4. தைப்பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுப் பொங்கல் வரும்போது ஆதியாகமம் முடிகிற நிலைமையில் இருக்கும், மாதக் கடைசியில் யாத்திராகமத்தில் கூடாரத்துக்கு எத்தனை பலகை, எத்தனை கொக்கி என்று போகும், லேவியராகமத்தில் பலி முறைகளுக்குள் போனதும் ஆள் அவுட். மூன்று வருடமும் அதே இடம். நாலு நாள் விட்டால் 13 அதிகாரம் கடனாக நிற்கும், அந்தக் கடனைப் பார்த்தாலே பைபிளைத் திறக்கப் பயம் வந்துவிடும். போனில் ஆப் போட்டும் பார்த்தேன். சொல் தேடுவதற்கு அது நல்லது, ஆனால் விடியக்காலையில் போனைக் கையில் எடுத்தவள் எத்தனை நிமிடம் மாற்கு சுவிசேஷம் வாசித்தேன், எத்தனை நிமிடம் வேறு எங்கோ இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மாறினது எப்படி என்றால், அம்மாவால். எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து பறிக்கிறவர், ஐந்து மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, முன் எல்லாம் கட்டி வைப்பார். கட்டச்சம்பல் இடிக்கிறது என் வேலை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஒரு நாள் "நான் இடிக்கிறேன், நீ அதைச் சத்தமா வாசி" என்றார். இடிகல்லிலிருந்து தப்பிக்கக் கிடைத்த வழி என்று நானும் உடனே உட்கார்ந்துவிட்டேன், பக்தி எல்லாம் பிறகு வந்ததுதான். ரொட்டி சுட்டு முடிய பதினைந்து இருபது நிமிடம். அதுதான் இன்றுவரை எங்கள் நேரம், அலாரம் கிடையாது, தட்டுக்கல் காய்ந்தால் பைபிள் திறக்கும். புதிதாக ஒரு நேரம் கண்டுபிடிக்காதீர்கள், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். கேட்க ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த ஆள் கேள்வி கேட்பார்.

மாற்குவில் தொடங்கினோம். 16 அதிகாரம், 16 நாள், வேகமான கதை. அடுத்து ரூத், நாலே அதிகாரம். பஞ்சம் பிழைக்க ஊர் விட்டுப் போன குடும்பம், கைம்பெண்ணான மருமகள், வயலில் கதிர் பொறுக்குகிறாள். நம்ம ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாத கதை. இரண்டாம் அதிகாரத்தில் சாயங்காலம் ரூத் பொறுக்கினதைத் தட்டி எடுக்க, எவ்வளவு வாற்கோதுமை தேறியது என்று அளவோடு வரும். அம்மா ரொட்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "தண்ணிக்கு, சாக்குக்குன்னு எவ்வளவு கழிச்சாங்களாம்?"

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று எடையில் கழிப்பார்கள், அம்மா கேட்டது அதைத்தான். சிரித்துவிட்டேன், ஆனால் பதில் தெரியவில்லை. கழிக்கவில்லை, அது முழுக்க அவளுக்குத்தான், ஆனால் ஏன்? அன்றைக்குப் பின்னேரம் ஓரத்தில் போட்டிருக்கிற ஒத்துவாக்கியத்தை, அதாவது இதோடு தொடர்புள்ள வேறு வசனத்தைக் காட்டுகிற குறிப்பை, பிடித்துக்கொண்டு போனால், வந்து நிற்கிறது லேவியராகமம் 19. நான் மூன்று வருடமும் எட்டாமல் விட்ட பக்கம்! வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேறு ஊரிலிருந்து வந்தவனுக்கும்) விட்டுவிடு என்று 9, 10ஆம் வசனங்களில். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று 13இல். தராசும் படியும் "சுமுத்திரையாக" இருக்க வேண்டும் என்று 36இல், அதாவது சரியாக, குறை இல்லாமல். இவற்றுக்கு நடுவில் 18இல்தான் உன்னைப்போல் பிறனை நேசி என்பது இருக்கிறது, இயேசு மாற்கு 12இல் எடுத்துச் சொல்வதும் அதைத்தான். மாற்குவில் வாசித்தபோது அது நல்ல வாசகமாக மட்டும் போயிற்று. மறுநாள் காலையில் அம்மாவுக்கு 19ஐ வாசித்தேன். ரொட்டி கருகிப்போச்சு.

இதற்குப் பிறகு ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை நோட்டு, போட்டேன். அழகாகக் குறிப்பெடுக்க இல்லை, கேள்விக்கு மட்டும். அம்மா கேட்பது, எனக்கு விளங்காத சொல், அவ்வளவுதான். பின்னேரம் பத்து நிமிடம் ஒத்துவாக்கியம் பார்ப்பேன், அல்லது இன்னொரு மொழிபெயர்ப்போடு ஒப்பிடுவேன். சங்கீதம் 121இன் முதல் வசனம் பழைய மொழிபெயர்ப்பில் ஒத்தாசை வரும் பர்வதங்களை நோக்கிக் கண்களை ஏறெடுப்பதாக இருக்கும், ஒத்தாசை மலையிலிருந்தே வருகிற மாதிரி. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது கேள்வி, மலைகளைப் பார்க்கிறேன், எங்கிருந்து எனக்கு உதவி வரும் என்று. மண்சரிவுக்குப் பயந்து மழை இரவில் மேட்டைப் பார்த்துக்கொண்டே விழித்திருந்த எங்களுக்கு அந்தக் கேள்விக்குறி எவ்வளவு பெரிது! இரண்டாம் வசனத்தில் பதில் இருக்கிறது, மலையை உண்டாக்கினவரிடமிருந்து.

விட்ட நாளைப் பற்றி ஒன்று. காய்ச்சல், கல்யாண வீடு, அம்மா கோபமாக இருக்கிற நாள், எல்லாம் வரும். கடன் கட்டப் போகாதீர்கள், நிறுத்தின இடத்திலிருந்து அடுத்த அதிகாரம், அவ்வளவுதான். எங்களுக்கு வருடத்தில் முடிக்கிற கணக்கே இல்லை, சில அதிகாரத்தில் மூன்று நாள் நிற்போம், வம்ச அட்டவணைகளை நான் ஓட்டமாக வாசித்துவிடுவேன், அம்மா கண்டுகொள்ள மாட்டார்.

தராசுப் பேச்சு எடுத்ததிலிருந்து அம்மாவுக்கு இன்னும் அப்படி எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லி ஒரே தொல்லை. அதனால் இப்போது ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் போகிறது, மொத்தம் 9 அதிகாரம். எட்டில் கள்ளத்தராசு வருகிறது. நாளைக்கு ஏழு. ஆமோஸ் தான் காட்டத்திப்பழம் பொறுக்குகிறவன் என்று சொல்வது அதில்தான், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.