சுகர் ஓபியில் யாரும் கேட்காத விஷயம்

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். எனக்கு 42, வீட்டுக்காரருக்கு 49, தக்காளி மண்டியில் வேலை. இரண்டு பேருக்கும் சுகர், அவருக்குப் பல வருஷமாக, எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. சுகர் வந்தால் கண் போகும், கிட்னி போகும், கால் புண் ஆறாது என்று ஊரே சொல்லும், ஆனால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் அது என்ன செய்யும் என்று ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. பெயர் போடாமல் எழுதுகிறேன், காரணம் உங்களுக்கே தெரியும்.

எனக்கு அரிப்பில்தான் ஆரம்பித்தது. திரிந்த தயிர் மாதிரி வெள்ளைப்படும், ஒன்றுக்குப் போனால் எரியும். மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் ஃப்ளூகோனசோல் 150 என்று ஒரே ஒரு மாத்திரை கொடுப்பார்கள், நாலு நாள் நன்றாக இருக்கும், அடுத்த மாசம் மறுபடி வந்து நிற்கும். வறட்சி வேறு. அவர் பக்கத்தில் வந்தாலே எரிச்சல்தான் ஞாபகம் வரும், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவரும் ஒன்றும் கேட்க மாட்டார், பாவம் விட்டுக்கொடுத்துப் போகிறார் என்று நினைத்தேன், அவருக்கும் ஒரு காரணம் இருந்தது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்.

ஒரு கிளினிக்கில் வலிக்கிறது என்று சொன்னதற்கு, "பையன் காலேஜ் போறான், இன்னும் என்னம்மா" என்று கேட்டார்கள். வெளியே நின்றிருந்த பெண்களுக்கும் அது கேட்டது. அந்தப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

அவருக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்காதான் வழி காட்டினார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, எங்கள் பக்கம் அந்த அக்காக்களைத் தெரியாத வீடு குறைவு. அடிக்கடி அரிப்பு வருகிறது என்றதும், "முதலில் சுகர் பாரு" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். விரலில் குத்திப் பார்த்தால் 284. அப்புறம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஹெச்பிஏ1சி எடுத்தார்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட் அது, 6.5 தொட்டாலே சுகர் என்பார்கள், எனக்கு 9.1.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்குமாம், அந்த ஈரமும் சர்க்கரையும் பூஞ்சைக்குத் தீனி. சுகர் குறையாமல் மாத்திரை மட்டும் போட்டால் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். நரம்பும் சின்ன ரத்தக் குழாய்களும் கெட்டுப்போவதால் ஈரம் ஊறுவது குறையும், உணர்ச்சியும் மட்டுப்படும், போதாததற்கு எந்நேரமும் இருக்கும் அசதி, மனசோர்வு. என்னிடம் ஆசை செத்துப்போயிற்று என்று நான் முடிவே கட்டியிருந்தேன், இதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது. வறட்சிக்குத் தண்ணீர் சார்ந்த ஜெல் எழுதிக் கொடுத்தார். தேங்காய் எண்ணெய், சோப்பு, வாசனைத் திரவம் எதுவும் உள்ளே வேண்டாம் என்றார்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார், "வீட்டுக்காரருக்கு எப்படி?"

அவரிடம் பேச்சை எடுத்தபோது முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ராத்திரி மொட்டை மாடியில் அவராகவே சொன்னார், இரண்டு வருஷமாகவே விறைப்பு சரியாக வருவதில்லையாம், முன்தோல் வெடித்து வெடித்து எரிகிறதாம். பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸைப் பார்த்து ஒரு பொடி வாங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். லேபிளே இல்லை. இந்த மாதிரிப் பொடிகளில் சொல்லாமலே இங்கிலீஷ் மருந்தைக் கலப்பது உண்டு, ஸ்டீராய்டு கலந்திருந்தால் சுகர் இன்னும் ஏறும். தூக்கிக் குப்பையில் போட்டேன். கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, ஓபிக்குப் போனோம். கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று தவித்தார், நான் ஒரு சின்னச் சீட்டில் எழுதி நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு சிஸ்டரிடம் கதவைச் சாத்தச் சொன்னார், அவ்வளவுதான், ஒரு சிரிப்பு இல்லை, கிண்டல் இல்லை. திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா? (அது வந்தால் மனசுக் காரணம் அதிகம், அதுவும் இல்லையென்றால் உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.) மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறதா, பீடி எத்தனை, தண்ணி உண்டா, பிரஷருக்கு என்ன மாத்திரை? சில பிரஷர் மாத்திரைகளும் இதைச் செய்யுமாம்.

அப்புறம் காலைக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடும்போது சொல்லுங்கள் என்று ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். கட்டை விரலில் மட்டும் மூன்று தடவை அழுத்தி முடித்திருந்தார் டாக்டர். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

டாக்டர் சொன்னதில் ஒன்று எல்லா ஆண்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் இதயத்துக்குப் போவதைவிட மெல்லியது, அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும், நெஞ்சுவலி சில வருஷம் கழித்து வரலாம். அதனால் ஈசிஜி, கொழுப்பு, கிட்னிக்காகக் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்தார்கள், கண்ணையும் பார்க்கச் சொன்னார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் டெஸ்ட் மட்டும் வெளி லேபில், அதைக் காலையிலேயே எடுக்க வேண்டும். அது சரியாகத்தான் இருந்தது, ஹெச்பிஏ1சிதான் 9.6.

முன்தோல் வெடிப்புக்கும் அதே பூஞ்சைதான் காரணம். அவர் வெளியில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிட்டு வந்தார், அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது, நீங்களாக நிறுத்தாதீர்கள், கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வைத்திருங்கள் என்று ஓபி டாக்டர் களிம்பு கொடுத்தார். அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரையை மாற்றலாம் என்றார்.

விறைப்புக்கு சில்டெனாஃபில் எழுதினார், ஈசிஜி பார்த்த பிறகுதான். ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், கறி விருந்து சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்ய நேரமாகும், ஆசை இல்லாமல் தானாக எதுவும் நடக்காது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது, பிரஷர் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை, இவர் மாத்திரையைத் திட்டினார், நாலைந்து முறை பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் விடவில்லை.

சாப்பாட்டில்தான் பெரிய சண்டை. எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சுகர் ஏறாது என்று ஒரு நம்பிக்கை. அரிசியைவிட நார்ச்சத்து அதிகம்தான், ஆனால் அதுவும் மாவுதானே. மிஷின் வாங்கி வீட்டிலேயே பார்த்தோம், இரண்டு உருண்டை தின்று இரண்டு மணி நேரம் கழித்து 260, ஒரு உருண்டையோடு கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் நிறைய வைத்தபோது 190-க்குள். நான் சொல்லிக் கேட்காத மனுஷன் மிஷின் சொன்னால் கேட்கிறார். மாங்காய் சீசனில் என்ன ஆகும் என்று தெரியாது, அவருடைய தங்கை வீடு காவேரிப்பட்டணத்தில், மூட்டை மூட்டையாக வரும்.

இப்போது ஹெச்பிஏ1சி அவருக்கு 7.3, எனக்கு 6.9. எனக்கு அரிப்பு நின்றுவிட்டது, ஜெல் இன்னும் வேண்டியிருக்கிறது. அவருக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். கெட்ட நரம்பு முழுசாகத் திரும்புமா என்பது சந்தேகம்தான் என்று டாக்டரே சொன்னார், மாத்திரை போட்ட நாளில் பரவாயில்லை, மாத்திரைக்குக் கேட்காதவர்களுக்கு ஊசி, பம்ப் எல்லாம் இருக்கிறதாம். மொட்டை மாடியில் படுப்பதை விட்டுவிட்டார். பீடியைத்தான் இன்னும் விடவில்லை, ஒரு கட்டிலிருந்து அரைக் கட்டுக்கு வந்திருக்கிறார், அதுவும் எனக்குத் தெரிந்து.