ஜீப்புக்கு வேற ஸ்டியரிங் தண்டு

ஸ்டியரிங் சக்கரத்தையும் முன் டயரைத் திருப்புகிற ஸ்டியரிங் பாக்ஸையும் இணைக்கிற பழைய தண்டைக் கழற்றுவதற்கு முன்னால் மெக்கானிக் அண்ணன் முன் டயர் ரெண்டையும் நேராக நிறுத்தி, தண்டு ஸ்டியரிங் பாக்ஸில் சேருகிற இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார்.

"ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி நேரா போகும்போது ஸ்டியரிங் கோணலா நிக்கும் தம்பி."

கழற்றி வந்த தண்டைப் பார்த்தால், கீழ் முனைப் பல்லெல்லாம் மழுங்கி, விரல் வைத்தால் வழுக்குகிறது. போடியில் இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றின ஜீப் இது, போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் முழுசாக ஒடித்துத் திருப்பினால் பல்லு என்னதான் செய்யும்!

அதுவும் பழசு மடங்காத ஒரே கம்பி. எதிலாவது மோதினால் ஓட்டுகிறவர் நெஞ்சுக்குத்தான் நேராக வரும். இப்போது மாட்டியது பிந்தைய மாடல், இடித்தால் தனக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும்.

நம்ம ஊரில் ஜீப்புக்கு ஏர் ஹாரன், கலர் லைட்டு, கண்ணாடியில் சாமி பேர் என்று செலவு செய்யாத ஆளே இல்லை. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிற தோட்டத்து அக்காமார் உயிர் தொங்குகிற இந்தத் தண்டை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எரிச்சலாக வருகிறது.

நாளைக்கு மலையடிவாரத்து முந்தல் வரை ஓட்டிவிட்டு, கீழ் போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கணும். அப்புறம்தான் மேடு.