இன்றைக்கு ஆட்டம் இல்லை

"மேலே காய்ஞ்சுதானே இருக்கு?" என்று கோச் கேட்டார். "கீழே காயலை" என்றேன், மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற நான். முந்தின ராத்திரி மழை. சீசனின் முதல் பேஸ்பால் ஆட்டம் அன்றைக்கு நடக்காமல் போனது இந்த இரண்டு வரியில்தான். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். திரும்பி நடந்தபடியே அவர் இன்னொன்றும் சொன்னார்: "இந்த மண்ணை நானும்தான் வாரிக் கொட்டினேன்."

உண்மைதான், கொட்டினார். குளிர் விட்டதும் மைதானத்தைத் தயார்படுத்தும் வேலைக்குப் பெற்றோர்களும் கோச்சுகளும் வார இறுதியில் வந்து கை கொடுப்பது வழக்கம். சிலர் ரேக்கைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் அந்த ரகம் இல்லை. யாருக்கும் பிடிக்காத லிப் வெட்டும் வேலையைக் கேட்டு வாங்கிச் செய்தவர். ஓடுகிறவர் தொட வேண்டிய பேஸ்கள் இருக்கிற உள்களம்தான் இன்ஃபீல்டு. அதன் மண் முடிந்து புல் தொடங்குகிற ஓரத்தில், ஆட்டத்தில் சிதறுகிற மண்ணும், மண்ணை நிரவும் டிராக் மேட்டைப் புல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் தள்ளிவிடுகிற மண்ணும் சேர்ந்து வரப்பு மாதிரி எழும்பிவிடும், அதுதான் லிப். புல் மூடிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, கால்தான் கண்டுபிடிக்கும். மழைத்தண்ணீரை அது வெளியே வழிய விடாது. உருண்டு வரும் பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. அந்த ஓரத்தைச் சீவி, வேரில் ஒட்டிய மண்ணை உதறி, மறுபடி உள்ளே கொண்டுவந்து நிரவ வேண்டும். முதுகு ஒடிந்துவிடும். மூன்றாம் பேஸ் பக்கம் முழுக்க அவர் செய்ததுதான், நான் செய்த பக்கத்தைவிட நன்றாகவே வந்திருந்தது.

அப்படிப்பட்டவரிடம் "முடியாது" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? சம்பளம் வாங்குகிறேன், கேட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான்.

அந்த வேலை நாட்களில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. உறைபனி மண்ணைத் தூக்கிவிடும் என்பதால் பந்தடிப்பவர் நிற்கிற இடத்து ஹோம் பிளேட் லேசாகச் சாய்ந்திருந்தது. தோண்டி எடுத்து மட்டம் பார்த்து வைத்தோம். பேஸ்களைச் செருகும் இரும்புக் குழாய்கள் மண்ணுக்கடியில் எங்கே போயின என்று குத்திக் குத்தித் தேடினோம். அப்புறம் டேப்பின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து அளந்தோம். பேஸுக்கு பேஸ் 90 அடி. ஹோம் பிளேட்டின் பின் முனையிலிருந்து இரண்டாம் பேஸின் நடுப்புள்ளிக்கு 127 அடி 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. பந்து வீசுகிற பிட்சர் கால் வைக்கிற ரப்பர் பட்டைக்கு 60 அடி 6 அங்குலம். பிட்சர் நிற்கிற மண்மேடான மவுண்டின் உயரம் 10 அங்குலம், ரப்பருக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து அடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிவு. மவுண்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் தன் பையன்கள் நன்றாக வீசுவார்கள் என்று விளையாட்டாகச் சொன்னார். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 1968இல் பிட்சர்களின் கை ஓங்கிப்போய், 1969இல் 15 அங்குலத்தை 10 ஆக இறக்கிய கதையை நான் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்று அவரே மட்டத்தைச் சரிபார்த்தார். டேப் சொன்னதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டோம், யார் பெரியவர் என்ற பேச்சே எழவில்லை.

ஈரத்துக்கு எங்களிடம் டேப் கிடையாது, குதிகால்தான். குதிகாலை ஊன்றித் திருப்பினால் மண் பொலபொலவென்று உதிர வேண்டும். அன்றைக்கு இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப் நிற்கிற இடத்தில் ஊன்றினேன். மேலே பொரபொரவென்று ஓர் ஓடு, அதற்கடியில் பளபளப்பு. காலை எடுத்ததும் குழி அப்படியே நின்றது. அவரிடமும் காட்டினேன். அவரும் ஊன்றிப் பார்த்தார். அதே குழிதான், ஆனால் அவர் கண்ணுக்கு அது சின்னக் குழியாகப் பட்டது.

இரண்டாம் பேஸுக்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைப்பத்தால் புல்லுக்குத் தள்ளிவிடலாம் என்றார். தண்ணீரோடு மண்ணும் போகும், பள்ளம் இன்னும் ஆழமாகும், போகிற மண் அவர் வெட்டிய லிப்பையே மறுபடி கட்டும் என்றேன். ஈரத்தை உறிஞ்சும் சுட்ட களிமண் குருணையைத் தூவலாமே என்றார். ஒரு தேக்கத்துக்கு அது சரி, மைதானம் முழுக்க ஊறியிருக்கும்போது எத்தனை மூட்டை கொட்டுவது? ஆணிக் காலணியோடு பிள்ளைகள் ஓடினால் விழுகிற குழிகள் வெயிலில் இறுகிவிடும். அடுத்த ஆட்டத்தில் பந்து அந்த விளிம்பில் பட்டு ஒரு பையனின் முகத்துக்கு எகிறினால் யார் பதில் சொல்வது? எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் குரலில் பாடம் எடுக்கிற தொனி ஏறியது எனக்கே கேட்டது. புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் காற்று கிளம்பியது, வெயிலும் சுள்ளென்று அடித்தது. சாயங்காலத்துக்குள் இன்ஃபீல்டு வெளுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருந்தாலே போதுமோ என்று அப்போதே தோன்றியது. ஆனால் அந்தக் காற்று வரும் என்று காலையில் யாருக்குத் தெரியும்? முடிவு எடுக்கிற நேரத்தில் கையில் இருந்ததை வைத்துத்தானே எடுக்க முடியும்? இதைப் பல பேரிடம் சொல்லிவிட்டேன், எல்லாரும் தலையாட்டினார்கள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. மைதானம் கெட்டால் எல்லார் கண்ணிலும் படும். கெடாமல் காப்பாற்றினால் அதற்குச் சாட்சியே கிடையாது. அன்றைக்கு விளையாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் காட்ட முடியாது, அவரும் காட்ட முடியாது. ஆனாலும் ஆட்டம் போனது என்னவோ பிள்ளைகளுக்குத்தான். மைதானம் ஆடுவதற்கா, பார்த்து ரசிப்பதற்கா என்று கேட்டால், ஆடுவதற்கு என்றுதான் நானும் சொல்வேன்.

சீசன் நடுவில் வேறு இரண்டு அணிகளின் ஆட்டம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தின ராத்திரியும் மழை. எதிரணி வெகு தூரத்திலிருந்து வந்துவிட்டது, அம்பயர்களும் வந்தாயிற்று. ஊன்றிப் பார்த்தேன், யோசித்தேன், இரண்டாம் பேஸ் பக்கம் குருணை தூவி, சரி ஆடுங்கள் என்றேன். ஆடினார்கள், யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் குழிகளைக் கிளறி மண் போட்டு, தண்ணீர் தெளித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது கோச் வந்தார். கேட்காமலே இன்னொரு ரேக்கை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை அன்னிக்கும் செஞ்சிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"அன்னிக்கு ஈரம் ஜாஸ்தி" என்றேன். ஜாஸ்திதான் என்று இப்போதும் நம்புகிறேன். எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அந்த இரண்டாவது நாளில் கண்ணுக்கு முன்னால் பேருந்து நின்றது, அம்பயர்கள் நின்றார்கள். அவையும் என் குதிகாலோடு சேர்ந்துதான் மண்ணைப் பார்த்திருக்கும். அது தப்பா என்றால், தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. தூரத்திலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதும் லேசான காரியமில்லை.

இந்தச் சீசனுக்கு ஒரு முறையை எழுதி வைக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். மழைக்குப் பிறகு மைதானப் பொறுப்பாளரும் கோச்சும் சேர்ந்து பார்க்க வேண்டும், இருவரில் யார் வேண்டாம் என்றாலும் ஆட்டம் இல்லை. இதுதான் வரைவு. அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "யார் வேண்டாம்னு சொன்னாலும்னு இருக்கே, யார் சரின்னு சொன்னாலும்னு ஏன் இருக்கக் கூடாது?" என்று கேட்டார். பாதுகாப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் மண்வெட்டி இருந்தது, லிப் இன்னும் பாதி பாக்கி. பேச்சை அப்படியே நிறுத்திவிட்டோம். வரைவில் அந்த வரியை அடிக்கவும் இல்லை, கையெழுத்துக்கு அனுப்பவும் இல்லை.