அந்த யுனிவர்சிட்டி பேரைச் சொன்னா வேலை கிடைக்குமா, பாப்பா?

போன வாரம் சித்தப்பா கோத்தகிரியிலிருந்து கூப்பிட்டார். தங்கச்சிக்கு லண்டனில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாம் என்று பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். "அந்த யுனிவர்சிட்டி பேரைச் சொன்னாலே அங்க வேலை குடுத்துருவாங்கன்னு ஏஜென்ட் சொல்றான், நெசமா பாப்பா?" பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையை நம்பி அவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று பார்த்து வளர்ந்தவள் நான். வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், நம் மலையில் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

நான் ஆறு வருஷமாக ஜெர்மனியில் ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறேன். படித்தது கோவையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு காலேஜில் பி.இ. மெக்கானிக்கல். கவுன்சிலிங்கில் அது கிடைத்தபோது உச்சுக்கொட்டிய சொந்தக்காரர்கள் உண்டு. இங்கே நேர்காணலில் அந்தக் காலேஜ் பேரை யாருமே கேட்கவில்லை. எதிரே இருந்தவர் ஒரு ஷாஃப்ட்டின் வரைபடத்தை மேஜையில் விரித்தார். பேரிங் உட்காரும் இடத்தில் பென்சிலை வைத்து, இங்கே அளவு கொஞ்சம் லூசாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். இங்கே வருமுன் கோவை பீளமேட்டில் மூன்று வருஷம் நான் பார்த்ததே அந்த வேலைதான். பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேல் வழுக்கிச் சுற்றும், சூடேறும், ஷாஃப்ட் தேயும் என்று சொல்லி, அப்படி நாங்கள் திருப்பி அனுப்பிய ஒரு லாட்டைப் பற்றியும் சொன்னேன். அரை மணி நேரம் அதிலேயே போனது. மார்க் பக்கம் வந்தபோது பத்துக்கு என் 8.1 நல்லதா கெட்டதா என்றே அவருக்குப் புரியவில்லை. இங்கே 1.0தான் முதல் தரம், 4.0 வந்தால் பாஸ், அவ்வளவுதான்.

அதற்காகச் சர்டிபிகேட்டே வேண்டாம் என்றில்லை. விசாவுக்குப் பெரும்பாலும் வேண்டும். அனாபின் என்று ஜெர்மனியில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் பெற்றது என்று போட்டிருக்கிறதா, பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணையா என்று அதில் பார்ப்பார்கள். அங்கீகாரம் உண்டா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி, முதலிடமா முந்நூறாவது இடமா என்பது இல்லை.

நர்சிங் வேறு கதை. குன்னூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இங்கே மாநில அதிகாரிகள் பாடத்தையும் மணிக்கணக்கையும் இங்குள்ள படிப்போடு ஒப்பிட்டார்கள். மருந்தியல் எத்தனை மணி நேரம், வார்டு பயிற்சி எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாக. குறைந்தால் பயிற்சியோ தேர்வோ உண்டு, ஜெர்மன் மொழியும் பொதுவாக பி2 என்கிற நிலை வரை வேண்டும். அந்த மணிக்கணக்கை எழுதி வாங்க அவள் ஊரில் காலேஜுக்கு எத்தனை முறை நடந்தாள் தெரியுமா? தயவுசெய்து படிப்பு முடிந்த கையோடு அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான். வேலையை விட்டுப் போகிறவர் கேட்டால் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று எழுதிக் கொடுப்பது இங்கே சட்டப்படி கம்பெனியின் கடமை, வேலைக்கு எடுக்கிறவர்கள் அதை வரிவரியாகப் படிப்பார்கள். நம் ஊரில் தரும் இரண்டு வரி அனுபவச் சான்றிதழ் இங்கே எடுபடாது.

சரி, லண்டனுக்கு வருவோம். பேருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய வங்கிகளும் கன்சல்டிங் கம்பெனிகளும் இன்றும் பேர் பார்க்கிறார்கள். பிரிட்டன் அரசே 2022இல் பெரிய பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கென்று தனி விசா கொண்டுவந்தது, உலகத் தரவரிசைகளை வைத்துப் போட்ட முதல் பட்டியலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் தங்கச்சிக்கு வந்திருக்கும் இடம் அந்த ரகம் இல்லை. அவள் படித்து முடித்த பிறகு வேலை தேட விசா கிடைக்கும். இப்போது அது 2 வருஷம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள், வெளிநாட்டவரை வேலை விசாவில் எடுக்க அரசு அனுமதி, அதாவது ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள கம்பெனி ஒன்று அவளை எடுக்க வேண்டும். அந்த விசாவுக்கு வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையில் பொதுவாக வருஷத்துக்கு 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டது, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே முதலாளி முதலில் பார்ப்பது இந்தப் பெண்ணை எடுத்தால் விசாவுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு அலைச்சல் என்பதைத்தான். ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை, எனக்குக் கோபம் அதில்தான்.

தங்கச்சி கெட்டிக்காரி. கோவையில் ஒன்றரை வருஷமாக டேட்டா வேலை பார்க்கிறாள், இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்துவிட்டுப் போனால் கையில் காட்ட ஏதாவது இருக்கும் என்பது என் எண்ணம். சித்தப்பாவிடம் மூன்று கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன்: போன வருஷம் அதே கோர்ஸ் முடித்த தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேச முடியுமா, அவர்களை எடுத்த கம்பெனி எது, ஸ்பான்சர் பண்ணியதா? ஏஜென்ட் பதில் சொல்லும்வரை பத்திரத்தை பீரோவிலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். "சரி பாப்பா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.