குழாய்க்குள் ஆர்கான்: கடைசி ஐந்து மில்லிமீட்டர்

மூன்று வாரங்களாக என்னை அலைக்கழித்த குழாய் இணைப்பு, நேற்று மாலை முதன்முறையாக உள்ளும் புறமும் ஒன்றுபோல் அமைந்தது. 38 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிமனும் கொண்ட 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை முனையோடு முனை சேர்த்து டிக் முறையில், அதாவது டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்வில்லால் உருக்கி, பற்றவைப்பதுதான் வேலை. வெளிப்புறம் தொடக்கத்திலிருந்தே நன்றாக வந்தது. சோதனைத் துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோதுதான், உட்புறம் கருகிய சர்க்கரை போலப் பொரிந்து கறுத்திருப்பது தெரிந்தது. உருகிய உலோகத்தின் பின்புறத்தைக் காற்று தீண்டினால் குரோமியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிடும். எந்தக் குரோமியத்தை நம்பி இந்த எஃகை வாங்குகிறோமோ, அதுவே அங்கே வீணாகிறது.

ஆகவே இரு முனைகளையும் அலுமினிய டேப்பால் அடைத்து, காற்றை வெளியேற்ற, உலோகத்தோடு வினைபுரியாத ஆர்கான் வாயுவை உள்ளே செலுத்தினேன். அது காற்றைவிடக் கனமானது என்பதால், குழாயை நிமிர்த்தி வைத்து, கீழிருந்து வாயுவை ஏற்றி, மேலே ஓர் ஊசித்துளை மட்டும் விட்டேன். சுற்றின் பெரும்பகுதி அழகாக வந்தது. ஆனால் கடைசி ஐந்து மில்லிமீட்டரை மூடும்போது உலோகக் குழம்பு என் பக்கமாக உப்பித் தெறித்து, டங்ஸ்டன் முனையிலேயே ஒட்டிக்கொண்டது. மூன்று துண்டுகள் இப்படியே கெட்டன. மூன்று முறையும் முனையை மீண்டும் தீட்ட வேண்டியதாயிற்று. மின்னோட்டத்தைச் சந்தேகித்து 50 ஆம்பியரை 40 ஆகக் குறைத்தும் பயனில்லை. மூடாத இணைப்பின் வழியே அதுவரை கசிந்துகொண்டிருந்த வாயு, அந்த வழி அடைபட்டதும் போக்கிடமின்றி உருகிய இடத்தைத் தள்ளியிருக்கிறது என்பது பிறகே புரிந்தது.

மேல்துளையை 4 மி.மீ. ஆகப் பெரிதாக்கினேன். இணைப்பின் மீதும் டேப் சுற்றி, பற்றவைக்கும் இடத்தில் மட்டும் சிறிது சிறிதாக உரித்துக்கொண்டு போனேன். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் சில நிமிடங்கள் நிரப்பிவிட்டு, பற்றவைக்கும்போது 3 லிட்டராகக் குறைத்தேன். முடித்த பிறகும் குழாய் ஆறும் வரை வாயுவை நிறுத்தவில்லை. அறுத்துப் பார்த்தால், உள்ளே வெளிர் வைக்கோல் நிறத்தில் மெல்லிய வரம்பு ஒன்று சுற்றிலும் அறுபடாமல் ஓடியிருந்தது. அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு குறைந்த ஓட்டத்தைச் சாதாரண முள் அளவுமானி சரியாகக் காட்டுவதில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் குண்டு மிதக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் 308எல் வகைக் கம்பியையும் இனி முனையில் வகை எண் பொறித்திருந்தால் மட்டுமே வாங்குவேன். சென்ற கட்டில் சில கம்பிகளில் எண்ணே இல்லை. அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டேன்.

இந்தக் குழாய்ச் சட்டகத்தில் இன்னும் ஆறு இணைப்புகள் மீதமிருக்கின்றன. ஆனால் மனம் அதற்குள் கிளைக்குழாய்க்குத் தாவிவிட்டது: முதன்மைக் குழாயில் துளையிட்டு இரண்டின் உட்புறத்தையும் இணைத்துவிட்டால், ஒரே வாயு வரத்து இரண்டுக்கும் போதும் என்று கணக்கிட்டிருக்கிறேன்.