வேஜ், சலரி: இரண்டும் சம்பளம்தானா?

‘வேஜ்’, ‘சலரி’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் எங்கள் இலங்கை மலையகப் பிள்ளைகள் ‘சம்பளம்’ என்றே பொருள் எழுதுகிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் நான் அதைப் பிழை என்று வெட்டுவதில்லை; வேஜஸ் போர்ட் என்பதையே அரசாங்கம் தமிழில் ‘சம்பள நிர்ணய சபை’ என்றுதான் அழைக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பொருள் மாறிவிடும்.

வேஜ் என்பது செய்த வேலையை அளந்து கொடுக்கும் பணம். அந்த அளவு நாளாகவோ மணியாகவோ பறித்த கிலோவாகவோ இருக்கலாம். சலரி என்பது ஒருவர் வகிக்கும் பதவிக்கு மாதத்துக்கோ ஆண்டுக்கோ இவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானித்த தொகை. பெப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதற்காக அது குறைவதில்லை. ஆகவே ‘டெய்லி வேஜ்’ என்பது இயல்பான வழக்கு, ‘டெய்லி சலரி’ என்பது காதுக்கு ஒட்டாது. தொகை பெரியதா சிறியதா என்பதற்கும் இந்த வேறுபாட்டுக்கும் தொடர்பில்லை.

ஒரே தேயிலைத் தோட்டத்தில் இரண்டையும் பார்க்கலாம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையும் கந்தோர் என்னும் அலுவலகத்துக் கிளாக்கரும் மாதச் சம்பளக்காரர்கள். கொழுந்து எடுப்பவர்களுக்கோ செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் விழும் பேர், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவுதான் கணக்கு. நிறுவையில் நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோ அளவு, வராவிட்டால் அரைப் பேர், கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. சிறு வயதில் அம்மாவின் சம்பளத் துண்டை வாசித்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. மேலே வேலை செய்த நாள்கள், அடுத்து மேலதிகக் கிலோ, அதற்குக் கீழே சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம், கோவில் காசு என்று கழிவுகள், கடைசி வரியில் கைக்கு வரும் தொகை. பனி கொட்டிக் கொழுந்து கருகும் மாதத்தில் மேலே இருக்கும் எண் சுருங்கிவிடும். சந்தாவும் முற்பணமும் சுருங்கமாட்டா. வேலை குறைந்த நாளின் பாரத்தைத் தொழிலாளி சுமப்பது வேஜ், வேலை கொடுப்பவர் சுமப்பது சலரி என்று நான் விளங்கிக்கொண்டது அந்தத் துண்டிலிருந்துதான்.

இலங்கைச் சட்டம் சில இடங்களில் வேஜ் பெறுபவர், சலரி பெறுபவர் இருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு இருவருக்கும் ஊழியர் பங்கு 8 வீதம், தொழில்கொள்வோர் பங்கு 12 வீதம். ஆனால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் இருவரையும் பிரிக்கிறது: மாதச் சம்பளக்காரருக்குச் சேவைக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம், மற்றவருக்கு 14 நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தைக் கொண்டு பார்த்தால், சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 18,900 ரூபாய் என்று வந்தது.

சலரி என்ற சொல் உப்போடு தொடர்புடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வேஜ் பழைய பிரெஞ்சு வழியாக வந்த, பிணை அல்லது ஈடு என்று பொருள்பட்ட சொல்.

அப்படியானால் வேஜைக் ‘கூலி’ என்றும் சலரியைச் ‘சம்பளம்’ என்றும் பிரித்து எழுதலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அகராதிப்படி அது சரியே. ‘மெய்வருத்தக் கூலி’ என்று வள்ளுவர் எழுதியபோது அச்சொல்லில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் துரைமார் எங்கள் முன்னோரையே ‘கூலி’ என்று அழைத்து, அவர்கள் குடியிருந்த லயங்களைக் ‘கூலி லைன்’ என்று எழுதிவைத்த பிறகு, உழைப்பின் பயனைக் குறித்த சொல் மனிதரைக் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. எங்கள் மக்கள் ‘சம்பளம்’ என்று சொல்வதில் தன்மானம் இருக்கிறது. அகராதிக்காக அதைத் திருத்தச் சொல்ல நான் விரும்பவில்லை. தேவைப்படும் இடத்தில் ‘நாட்சம்பளம்’, ‘மாதச் சம்பளம்’ என்று எழுதினால் போதும்.

இது பிள்ளைகளுக்கு உடனே தேவைப்படும் இடம் விண்ணப்பப் படிவம். பெற்றோரின் ‘மந்த்லி சலரி’ என்று கேட்கும் கட்டத்தில் நாட்சம்பளத்தை 30ஆல் பெருக்கி எழுதிவிடுகிறார்கள். வராத பணம் வருமானமாகப் பதிவாகி, கிடைக்க வேண்டிய உதவிப்பணம் கைநழுவிப் போகலாம். கடந்த சில மாதங்களின் சம்பளத் துண்டுகளை எடுத்து, கழிவுகளுக்கு முந்திய மொத்தத்தின் சராசரியைக் கண்டு எழுதுங்கள். பக்கத்தில் ‘டெய்லி வேஜஸ்’ என்று குறிப்பிட்டு, துண்டுகளின் பிரதிகளையும் இணைத்துவிடுங்கள்.