தொட்டியிலும் சோளகத்திலும்: கயாக் உபகரணம் தெரிவுசெய்த அனுபவம்

முல்லைத்தீவுக் கரையில் இளைஞர்களுக்குக் கடற்கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறுபடகு) பழக்கும் சிறியதொரு திட்டத்தில் உபகரணம் தெரிவுசெய்யும் பொறுப்பும் பாடக் குறிப்புத் தயாரிக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தபோது, விலைப்பட்டியல்களை ஒப்பிட்டு, நல்ல கைநூல் ஒன்றைத் தமிழாக்கினால் வேலை முடிந்துவிடும் என்றே எண்ணினேன். மேசையிலிருந்து செய்த அந்தத் தெரிவுகளில் ஏறத்தாழப் பாதி பிழையாகிப் போயின. நான் படித்தவற்றில் பொய் இருக்கவில்லை. அவை வேறொரு கடலை மனதில் வைத்து எழுதப்பட்டிருந்தன என்பதையும், பொருட்கள் வேறொரு கரைக்காகச் செய்யப்பட்டிருந்தன என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் வந்து சேர்ந்தவை உயிர்காப்பு அங்கிகள். பயிற்சியில் அணியும் அங்கி, பெரியவர் ஒருவருக்குக் குறைந்தது 50 நியூட்டன் மிதப்புவிசை தரவேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நீந்தத் தெரிந்தவருக்கும், உதவி அருகில் இருக்கும் இடத்துக்குமே அது போதும். மயங்கியவரின் முகத்தை அது தானாக மேலே திருப்பிவிடாது. வாங்கியவற்றில் ஒரு தொகுதியில் தரச்சான்றுத் துணி தைக்கப்பட்டிருந்தது. விலை குறைவென்று சேர்த்து வாங்கிய மற்றத் தொகுதியில் நிறமும் பளபளப்பும் மட்டுமே இருந்தன. இரண்டையும் எங்கள் கிணற்றடித் தொட்டியில் சோதிப்பதென்று முடிவெடுத்தேன். இரும்பு நீருக்குள் தன் எடையில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கை இழக்கும். ஆகவே கடையொன்றில் இரவல் வாங்கிய தராசுப் படிகளில் 5 கிலோ 800 கிராம் எடுத்துக் கட்டினால், கீழ்நோக்கிய இழுவை 50 நியூட்டனுக்கு மயிரிழை குறைவாக வரும். சான்றுள்ள அங்கி படிகளைத் தாங்கிக்கொண்டு தோள்ப்பட்டி மட்டும் தெரிய மிதந்தது. மற்றதும் முதல்நாள் மிதந்ததுதான். இரவு முழுவதும் ஊறவிட்டு விடியற்காலையில் பார்த்தபோது, தொட்டியின் அடியில் படிகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. தையலைப் பிரித்தோம். உள்ளே துண்டு துண்டாக வெட்டி அடைத்திருந்த பஞ்சு, பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. அந்தத் தொகுதியை விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பின்னர் அவற்றைக் கரையில் படகுக்கு அணை கொடுக்கப் பயன்படுத்தினோம். அதற்கு நன்றாகவே உதவின.

மிதப்பு மட்டும் போதாது என்பதும் அந்தக் கிழமையே தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் ஒல்லியான உடல்வாகு கொண்டவர்கள். பட்டிகளை இறுக்கிய பிறகும் இரு தோள்ப்பட்டியையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால், அங்கி காதுவரை ஏறி வந்தது. தண்ணீரில் விழுந்தவருக்கும் அதுவே நடக்கும். கவட்டுப்பட்டி தைத்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

கயாக்கைப் பொறுத்தவரை, நீளமான, மூடிய தட்டுள்ள கடற்கயாக்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஐந்து மீற்றர் நீளமும் ஐம்பத்தைந்து, அறுபது சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அந்த வடிவம் தண்ணீரில் ஓடும் அழகே தனி. ஆனால் அதில் இடுப்பைச் சுற்றி நீர்த்தடுப்புப் பாவாடை கட்டி உட்காரவேண்டும். தடித்த நியோபிரீன் (செயற்கை இறப்பர்) பாவாடையோடு காலை பத்து மணி வெயிலில் அரைமணி நேரம் இருந்த பயிற்சியாளர் ஒருவர், அரிசிப் பானைக்குள் இருந்தது போல இருந்தது என்றார். அதனால் மூடிய கயாக் இரண்டையும், மேலே அமர்ந்து வலிக்கும் நான்கு மீற்றர்த் திறந்த கயாக்குகள் ஆறையும் வைத்துக்கொண்டோம். திறந்த கயாக் கவிழ்ந்தால் அதைப் புரட்டிப்போட்டு, குறுக்கே வயிறுபடப் படுத்து ஏறிவிடலாம்; தண்ணீர் இறைக்கும் வேலையே இல்லை. புதியவர்களுக்கு அதுதான் சரி என்பதை என் ரசனைக்கு மாறாகவே ஒப்புக்கொண்டேன்.

வெப்பம் செய்த வேறு சேட்டைகளும் உண்டு. லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் இரண்டு மரக்குற்றிகளின் மேல் வைத்து இறுகக் கட்டிக் கொண்டுபோன பொலிஎதிலீன் கயாக்குகளின் அடிப்பாகம், கட்டிய இடத்தில் உள்வாங்கிவிட்டது. பிறகு வைக்கோல் நிரப்பிய சாக்குகளை விரித்து, பக்கவாட்டில் சாய்த்து ஏற்றினோம். கரையில் கிடுகுக் கொட்டிலுக்குள் வைத்தோம். மூடிய கயாக்கின் பொருளறையில் அடைபட்ட காற்று வெயிலில் விரிந்து மூடியை உப்பச் செய்யும். அதே கயாக் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்ததும், சுருங்கும் காற்று விளிம்பு வழியாக நீரை உள்ளே இழுக்கும். பொருளறையின் தடுப்புச் சுவரில் ஊசிமுனை அளவு துளையொன்று விட்டால் இந்தத் தொல்லை இல்லை. நல்ல தயாரிப்புகளில் அந்தத் துளை இருப்பதைக் கண்டு, அதைக் குறையென்று நினைத்து நானே பசை வைத்து அடைத்திருந்தேன்.

துடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 220 சென்ரிமீற்றர் பெரும்பாலானோருக்குப் பொருந்தியது. நடுப் பொருத்தில் மணலும் உப்பும் இறுகினால் இரண்டுபேர் இழுத்தாலும் கழராது. மாலையில் நன்னீரில் கழுவவேண்டும்.

எனக்கு உண்மையான பாடம் ஸ்கெக் எனப்படும் அடித்தகட்டில் கிடைத்தது. பக்கக் காற்றில் ஓடும் கயாக்கின் அணியம், அதாவது முன்முனை, தானாகவே காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். பின்பக்கத்தின் அடியில் இருக்கும் இந்தத் தகட்டை இறக்கினால் அந்த இழுப்பு அடங்கும். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை, நானும் இன்னொரு பயிற்சியாளரும் மூடிய கயாக்குகளில் கரைக்குச் சமாந்தரமாகச் சென்று அதைச் சோதிக்கப் புறப்பட்டோம். கடல் தகடுபோலக் கிடந்தது. காற்று முதுகில் மெல்லத் தட்டியது. ஸ்கெக்கை இறக்க முயன்றேன், அசையவில்லை. கயாக்கைத் தள்ளி இறக்கியபோது பருமணல் அதன் பொந்துக்குள் புகுந்து நெரிந்திருந்தது. துடுப்பை மடியில் போட்டுவிட்டு இழுகயிற்றோடு மல்லுக்கட்டினேன். நண்பர் தன் கயாக்கை என்னுடையதோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கையால் தகட்டைத் தோண்டினார். நிமிர்ந்து பார்த்தபோது கரைவலை இழுப்பவர்கள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். எங்களைச் சுற்றி அலைகள் வெள்ளை காட்டத் தொடங்கியிருந்தன. பத்து, பன்னிரண்டு நிமிடம் போயிருக்கலாம். வந்த தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. துடுப்பை நிறுத்திய ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போனோம்.

கரையில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நாங்கள் மூச்சு வாங்கி முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சோளகத்துக்குக் கரையில நிண்டு பாத்தா குளம் மாதிரித்தான் கிடக்கும். அங்கால போய்த் திரும்பிப் பாத்தாத்தான் கடல் தெரியும்." அவர் சொன்னதற்கு விளக்கம் எளிது. முல்லைத்தீவு கிழக்குக் கரை; தென்மேல் பருவக்காற்றான சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையருகே அலை எழும்ப அதற்குத் தூரம் போதாது; வெளியே போகப் போக அலை வளரும். கரையில் நிற்பவருக்கு அலைகளின் முதுகுதான் தெரியும், நுரைக்கும் முகம் தெரியாது. ஆங்கிலக் கைநூல்களிலும் கரைவிலக்கும் காற்றைப் பற்றி எச்சரிக்கை இருந்தது. நான் அதைப் படித்து அடிக்கோடும் இட்டிருந்தேன். ஆனால் அந்தக் காற்றும், சிறுவயது முதல் பெயர் சொல்லி அறிந்த சோளகமும் ஒன்றென்று அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

கைநூல்களையும் காணொளிகளையும் அதன் பிறகே வேறு கண்ணோடு பார்த்தேன். நான் பயன்படுத்தியவை பெரும்பாலும் பிரித்தானிய, வட அமெரிக்கக் கரைகளில் பழகியவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே கொல்லும் எதிரி குளிர். அதனால் வெயில் அடித்தாலும் தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்ப உடுத்து என்பது முதல் விதியாக இருக்கிறது. அடுத்துப் பல அத்தியாயங்கள் வற்றுப்பெருக்குக் கணிப்புக்குப் போகின்றன. எங்கள் கடல்நீர் 28 பாகை செல்சியஸை அண்டி நிற்கிறது. வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து தாகத்திலும், தலையில் இறங்கும் வெயிலிலும், சோளகத்திலும், வாடைக்காலத்தில் கரையில் நேராக உடையும் அலையிலும் இருக்கிறது. கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியேறுதல், இரண்டு கயாக்கை அணைத்து ஒருவரை ஏற்றுதல், காற்றின் வலிமையைக் குறிக்கும் போபோர்ட் அளவில் மூன்றுக்கு மேல் காற்று எழுந்தால் புதியவரை இறக்காமல் விடுதல் ஆகியவற்றை மாற்றமின்றி எடுத்துக்கொண்டோம். மற்றவற்றைக் கழித்தோம். கவிழ்ந்த கயாக்கோடு உருண்டு எழும் வித்தையைக் காணொளியில் பார்த்துவிட்டு, நந்திக்கடல் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் செய்துபார்த்த மாணவனின் தோள் சேற்றில் குத்தி இரண்டு கிழமை வீங்கியிருந்தது. அந்தக் காணொளி ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எனது முதல் தமிழ்க் குறிப்பு முன்பகுதி, பின்பகுதி, ஆதரவு வீச்சு என்று அகராதி வாசனையோடு இருந்தது. கடற்றொழில் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அதைப் படித்துச் சிரித்தார்கள். அணியம் என்ற சொல்லை அவர்களே திருத்தித் தந்தார்கள். சாயும் கயாக்கைத் துடுப்பின் முதுகால் தண்ணீரில் தட்டி நிமிர்த்தும் வீச்சுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, "சேர், அது மிண்டு குடுக்கிறதுதானே" என்றாள் ஒருத்தி. இரண்டாம் பதிப்பில், முட்டுக் கொடுப்பதைக் குறிக்கும் அந்தச் சொல்லே இருக்கிறது. காற்றைப் பற்றிய பகுதி முதற்பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஸ்கெக்கின் நுனியில் துளையிட்டு ஒரு சாண் நைலோன் கயிறு கட்டியிருக்கிறோம். மணல் நெரித்தால் பக்கத்தில் வருபவர் பிடித்து இழுத்துவிடலாம். கரையை விட்டு இறங்குமுன் எல்லாரும் வரிசையாக நின்று, முன்னால் நிற்பவரின் கயாக்கில் அந்தக் கயிறு வெளியே தொங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அதே பார்வையில் பாவாடையைக் கழற்றும் வளையமும் வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள்; அது உள்ளே சிக்கிக்கொண்டால், கவிழ்ந்தவருக்குப் பிடித்திழுக்க எதுவும் கிடைக்காது.